ரேகை விழலை, ஆச்சி

"ஆச்சி, அமுக்காதீங்க. சும்மா பூ மாதிரி வைங்க."

தபால்காரர் சொன்னபடி ஆச்சி விரலைத் தூக்கிவிட்டு மறுபடி வைக்கிறார். செல்போனோடு ஒயரில் கோத்த சின்னக் கருவியில் வெளிச்சம் வந்து அணைகிறது. ரேகை விழவில்லை. அடுத்த விரல், அதுவும் விழவில்லை. "தலையில ஒரு தேய் தேய்ச்சுட்டு வைங்க." எண்ணெய் வைத்த தலையில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு வைத்ததும், நாலாவது தடவை பச்சை டிக் வருகிறது. நெல்லைச் சீமையில் முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றி ஓய்ந்தவர்கள் இருக்கும் தெருக்களில் நவம்பர் மாதம் பார்க்கக் கிடைக்கும் காட்சி இது.

வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1977இல் பீடித் தொழிலுக்கும் வந்தது. பத்து வருடப் பணி கணக்கில் இருந்தால் 1995ஆம் ஆண்டுத் திட்டப்படி ஓய்வூதியம் உண்டு. அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். அதை வாங்க, உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒரு முறை சான்று தர வேண்டும். தராவிட்டால் பணம் நின்றுவிடும். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' வந்த பிறகு அந்தச் சான்றை ஆதார் எண்ணும் விரல் ரேகையுமாகக் கருவியிலேயே பதியலாம் என்று ஆனது. 2020இலிருந்து அஞ்சலக வங்கியின் தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிகிறார். அலுவலகம் வாசலுக்கு வந்துவிட்டது. விரல்தான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

ஏன்? பீடி சுற்றும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஊறவைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கிக் குத்த வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் இத்தனையும் நடக்கிறது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒருவர் நாளைக்கு 500 பீடி, வருடத்துக்கு 300 நாள், 30 வருடம் சுற்றினார் என்று வைத்துக்கொண்டால் 45 லட்சம் பீடி. கருவியில் முதலில் வைப்பதும் பெரும்பாலும் அதே விரல்களைத்தான்! பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களின் விரல்களும், தாமிரபரணிக் கரை வயல்களில் நாற்று நட்ட விரல்களும் இதே உரசலைக் கண்டவைதான்.

மீதி விடை தோலுக்குள் இருக்கிறது. ரேகை கருவிலேயே, பத்தாவது வாரம் வாக்கில் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள் வடிவெடுத்துவிடும். அதன் வார்ப்பு மேல்தோலின் அடித்தளத்தில் இருப்பதால், மேலே தேய்ந்தாலும் அடியிலிருந்து அதே கோலம் எழும்பி வரும். இளம் வயதில் மேல்தோல் புதிதாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். வயதாக ஆக அது மெதுவாகும். தேய்மானம் வளர்ச்சியை முந்திவிட்டால் கோடு மங்கும். முதுமையில் தோலின் அடித்தளமே தட்டையாகிறது. குறுக்கே மெல்லிய சுருக்கங்கள் விழுந்து ரேகைகளை வெட்டுகின்றன. வியர்வையும் குறைகிறது.

கருவிகளில் பல வகை உண்டு. பரவலான ஒரு வகை, கண்ணாடிப் பட்டகத்தின் வழியே ஒளியைப் பாய்ச்சிப் படம் பிடிப்பது. மேடான ரேகை கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி முழுதாகத் திரும்பாது. அங்கே கறுப்புக் கோடு. தொடாத பள்ளத்தில் ஒளி திரும்பி வரும், அங்கே வெளுப்பு. காய்ந்த விரல் கண்ணாடியில் சரியாக ஒட்டாததால் கோடு புள்ளி புள்ளியாக உடைந்து விழுகிறது. மென்பொருள் தேடுவது ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதைத்தான். உடைசல் ஒவ்வொன்றையும் அது ஒரு முடிவு என்று எண்ணிக்கொள்ளும். தளர்ந்த தோலை அமுக்கினால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். ஆகவே தபால்காரரின் பூ உவமை அறிவியல்படி சரி. தலையில் தேய்ப்பதும் சரிதான். உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அந்தப் பிசுபிசுப்பைத் தலையிலிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

ரேகை வாங்கிக்கொண்டு ஓய்வூதியம் தரும் இந்த ஏற்பாட்டின் பூர்வீகமும் இந்தியாதான். வங்காளத்தில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல் (யுரேனஸைக் கண்டுபிடித்த ஹெர்ஷலின் பேரன்) 1858இல் ஜங்கிப்பூரில் ஓர் ஒப்பந்ததாரரின் கைப்பதிவை வாங்கினார். 1877இல் ஹூக்ளியில் அரசு ஓய்வூதியர்களின் ரேகையை எடுக்க ஆரம்பித்தார். செத்தவர் பெயரில் உறவினர் பணம் வாங்கக் கூடாது என்பதே காரணம். ஜீவன் பிரமாணின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம். ரேகை மாறாது என்று காட்ட ஹெர்ஷல் தன் விரல்களையே 50 ஆண்டுகளுக்கு மேல் பதிந்து வைத்தார். மாறவில்லைதான். ஆனால் அவை பேனா பிடித்த விரல்கள்.

பேனா பிடித்த விரலுக்கும் மோசம் வரலாம். சிங்கப்பூர்க்காரர் ஒருவர், வயது 62, புற்றுநோய்க்குக் கேபசிடபின் மருந்து சாப்பிட்டு ரேகை அழிந்துபோய், 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்திவைக்கப்பட்டார். அவருக்கு டாக்டர் கடிதம் உதவும். பீடி சுற்றியதற்கு யார் கடிதம் தருவார்கள்?

கருவி ஆளை ஆளாகப் பார்ப்பதில்லை. பதிவில் உள்ள கோலத்தோடு இப்போது விழுந்த கோலம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடும். எத்தனை மதிப்பெண்ணில் தேர்ச்சி என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். சல்லடைக் கண் சின்னதாக இருந்தால் போலிகள் நிற்பார்கள், கூடவே ஆச்சிகளும் நிற்பார்கள். பெரிதானால் இருவரும் உள்ளே வருவார்கள். திருட்டைத் தடுக்க எத்தனை ஆச்சிகளைத் திருப்பி அனுப்பலாம் என்ற கேள்வியைக் கணினி கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

கண் பாப்பாவைச் சுற்றியுள்ள கருவிழித் திரை நல்ல மாற்று. முன்னால் கண்ணாடி போல விழிவெண்படலம் மூடியிருப்பதால் வேலை செய்து அது தேயாது. கண்புரையும் அதற்குப் பின்னால் உள்ள லென்ஸில்தான் வருகிறது. ஆனால் இமை தொங்கினாலும் கண்புரை அறுவையில் பாப்பாவின் வடிவம் கோணினாலும் சிக்கல் வரலாம். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு விழிப்பதிவுக் கருவி வந்ததே ரேகை படாதவர்களுக்காகத்தான். 2021 நவம்பரில் ஜீவன் பிரமாணுக்கு முகப்பதிவும் வந்தது. தனிக் கருவி வேண்டாம், செல்போன் கேமரா போதும். படத்தைக் காட்டி ஏமாற்றாமலிருக்க, கண்ணைச் சிமிட்டச் சொல்லும். வெளிச்சம் பார்த்துத் திண்ணை ஓரம் உட்கார வைத்தால் வேலை முடியும். ஆதார் எடுத்தபோது 60 வயது, இப்போது 75 என்றால் பழைய படத்தைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் 2021இல் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆகும் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கையில் உள்ள கணிப்பு. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, ஊரில் மிஞ்சுகிறவர்கள் இவர்கள். முதியோரை டிஜிட்டலில் சேர்ப்பது என்றதும் ஆளுக்கொரு ஸ்மார்ட்போன், அதற்கொரு பயிற்சி வகுப்பு என்று யோசிக்கிறோம். கற்க விரும்புகிறவர்கள் கற்கட்டும். 80 வயதில் திரையைத் தொடாமல் இருப்பது ஒரு குற்றமா என்ன? அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களில் உதவியாளர் கண்ணைச் சோதித்து விவரம் அனுப்ப, தூரத்து டாக்டர் திரையில் பேசுகிறார். தாத்தா வாயால் பதில் சொன்னால் போதும். 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோரின் வீட்டுக்கே ரேஷன் அரிசி வருகிறது. இரண்டிலும் மின்னணுச் சிக்கலைத் தன் தலையில் வாங்கிக்கொள்ள நடுவில் ஓர் ஆள் இருக்கிறார். தபால்காரரும் அப்படித்தான். என் கணக்கில், இந்தத் தொழில்நுட்பத்தின் மிக முக்கியமான பாகம் அவர்தான்.

அவர் வந்து போக 70 ரூபாய் கட்டணம் இருந்தது. 1,000 ரூபாயில் 70. 1995 திட்ட ஓய்வூதியர்களுக்கு அந்தச் செலவை வைப்பு நிதி நிறுவனமே ஏற்கும் என்று 2025 நவம்பரில் ஒப்பந்தமானது. இந்தத் திட்டத்தில் சான்றை நவம்பரில்தான் தர வேண்டும் என்றில்லை. எந்த மாதமும் தரலாம், தந்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். நெல்லைப் பக்கம் உங்களுக்கு ஓர் ஆச்சி இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது போன தடவை பதிந்த தேதியைக் கேட்டுக் குறித்து வையுங்கள். ரேகை விழலை என்று தபால்காரர் கையை விரித்தால், முகத்தைப் பதியச் சொல்லுங்கள்.