ஈர நெல்லும் டிரையரும்



குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் சேர்ந்தே வருவது டெல்டாவுக்குப் புதிதல்ல. மெஷின் அறுத்துக் கொட்டுகிற நெல்லில் 22, 24 சதவீதம் ஈரம் நிற்கும். கொள்முதல் நிலையத்தில் எடுப்பதோ 17 சதவீதம் வரைதான். 2022 அக்டோபரில் 19 வரை தளர்வு தந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அதை நம்பி இருக்க முடியுமா? தார் ரோட்டில் கொட்டி, காலால் துழாவி, தூறல் விழுந்ததும் படுதாவைத் தேடி ஓடி அலுத்துப் போகிறோம். குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது. அப்புறம் முளைதான்.

"டிரையர் இருக்கிறதே" என்று சொன்னால், "அதுல காயவச்ச நெல்லை அரைச்சா நொய்யாப் போவுதே சார்" என்கிறார்கள். அந்தப் புகார் பொய்யில்லை. ஏன் அப்படி ஆகிறது என்று பார்ப்போம்.

ஒரு டன், அதாவது 40 கிலோ மூட்டை இருபத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 சதவீத ஈரத்தை 17-க்குக் கொண்டுவர அதிலிருந்து 60 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். இந்தத் தண்ணீரைச் சுமந்து போவது காற்று. மழைக்காலக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் மேற்கொண்டு வாங்கிக்கொள்ளாது. ஆனால் 26 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 38 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பிறகு அது தண்ணீரை வாங்க ஆரம்பிக்கும். டிரையர் செய்கிற வேலை இவ்வளவுதான்.

சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். அங்கேதான் கெடுகிறது. நெல்மணியின் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்கும். நடுவில் உள்ள ஈரம் மெல்லத்தான் வெளியே வரும். இந்த இழுபறியில் உள்ளே அரிசி விரிசல் விடுகிறது. உமி மூடியிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது. ரைஸ் மில்லில்தான் தெரியும்.

இதற்கு மருந்து ஓய்வு. புதிய சுழற்சி டிரையர்களில் நெல் சிறிது நேரம்தான் வெப்பக் காற்றில் இறங்கும்; பிறகு எலிவேட்டர் அதை மேலே உள்ள தொட்டிக்கு ஏற்றிவிடும். தொட்டியில் இருக்கும்போது நடு ஈரம் மேல்பக்கத்துக்குப் பரவிச் சமமாகும். மறுபடி இறங்கும், மறுபடி ஓய்வு. இப்படி மணிக்கு அரை முதல் ஒரு சதவீதம் ஈரம் குறைந்தால் போதும். அந்தக் கணக்கில் 22-லிருந்து 17-க்கு வர ஐந்து முதல் பத்து மணி நேரம் ஆகும். "ராத்திரியே முடிச்சிடலாம்" என்று பர்னரைக் கூட்டச் சொல்லாதீர்கள். விதை நெல்லுக்குக் காற்றின் சூடு 43 டிகிரியைத் தாண்டவே கூடாது. தாண்டினால் முளைப்புத் திறன் போய்விடும். அரிசிக்கான நெல் என்றால் சுழற்சி டிரையரில் 55 வரை போகலாம். நெல் அசையாமல் கிடக்கிற தட்டை டிரையரில் அதற்கும் 43 தான் எல்லை.

எரிபொருள் செலவு என்று பயப்படுகிறவர்கள் உமி அடுப்பு உள்ளதைக் கேளுங்கள். அரைக்கிற நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமிதானே! ஆனால் அடுப்புப் புகை நெல்லில் படாமல், சூடு மட்டும் காற்றுக்கு மாறுகிற அமைப்பு இருக்க வேண்டும்.

ஹீட் பம்ப் டிரையர் என்று ஒன்றும் வந்திருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் உள்ளது போன்ற அமைப்புதான். ஈரக் காற்றைக் குளிர வைத்துத் தண்ணீராகச் சொட்டவிட்டு, அதே காற்றைச் சூடாக்கித் திருப்பி அனுப்பும். வெளியே அடைமழை பெய்தாலும் கவலையில்லை. சூடு குறைவு என்பதால் மூலிகை, காய்கறி, விதைகளுக்கு நல்லது. விலையைப் பார்த்தால் சாதா நெல்லுக்குக் கட்டாது என்பது என் கருத்து.

சுழற்சி டிரையரும் தனி ஒருவர் வாங்கக்கூடியதல்ல. ஊரில் நாலைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் குழு மூலமாகவோ அறுவடைக்கு முன்பே முறை பேசி வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நெல்லையும் ஈர நெல்லையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். காய்ந்தது ஈரத்தை உறிஞ்சினாலும் விரிசல்தான். பல்லால் கடித்துப் பார்க்கிற பழக்கம் இருக்கட்டும். கூடவே மணிக்கொரு தடவை மீட்டரிலும் பாருங்கள். 17-க்கு வந்துவிட்டால் நிறுத்தி, சூடு ஆறிய பிறகே சாக்கில் பிடியுங்கள்.