ஒரு பிட் மாறினாலும் உஷார்!
2020-ல் அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட அப்டேட்டுக்குள் உளவு மென்பொருள் ஒளிந்திருந்தது. கிட்டத்தட்ட 18,000 வாடிக்கையாளர்களிடம் அது போய்ச் சேர்ந்தது. புரோகிராமர்கள் எழுதிய கோடில் தவறில்லை. அதை மென்பொருளாக மாற்றும் கம்ப்யூட்டரில்தான் ஹேக்கர்கள் கைவரிசை காட்டியிருந்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்க என்ன வழி? அதே கோடை வேறு கம்ப்யூட்டர்களிலும் தயாரித்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். டெபியன் லினக்ஸ் தன்னார்வலர்கள் 2013 முதல் இதற்காக உழைக்கிறார்கள். எல்லா பிராசஸருக்கும் பொதுவான ஒரு பேக்கேஜை இன்டெல் கம்ப்யூட்டரில் தயாரித்தாலும், செல்போன்களில் இருக்கும் ஏ.ஆர்.எம் வகையில் தயாரித்தாலும் ஒரு பிட்கூட மாறக் கூடாது!

ஆனால் தயாரித்த நேரம், ஃபைல்களின் வரிசை, பிராசஸரின் பெயர் எல்லாம் சத்தமில்லாமல் உள்ளே பதிந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகக் களையெடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் தெரிந்தால்? இடையில் யாரோ கைவைத்திருக்கலாம்!