ஞாயிறு மட்டன் மிச்சமா? திங்கள் நைட் ஆர்டர் போடாம சமாளிக்கலாம்... ஆனா ஒரு கண்டிஷன்!

ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு மதியம் விருந்து. ராத்திரி அதுவே தோசைக்கு சைடு டிஷ். திங்கள் காலையில் இட்லிக்கு. திங்கள் இரவு எட்டரை மணிக்கு ஆபீஸ் முடிஞ்சு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தா, அதே பாத்திரம், அதே குழம்பு. நாலாவது தடவை அதைச் சாப்பிட யாருக்கும் மனசு வராது. கை தானா போனுக்குப் போகும். கிலோ 800 ரூபாய்க்கு மேல கொடுத்து வாங்கின கறி, புதன்கிழமை குப்பைக்குப் போகும்.

மிச்சமான குழம்பைக் குழம்பாகவே திரும்பத் திரும்பச் சூடு பண்றதுதான் இங்கே சிக்கல். அதிலிருந்து கறியைத் தனியா, கிரேவியைத் தனியா பிரிச்சு வச்சுட்டா, இரண்டுமே வேற வேற சமையலுக்கான பொருள் ஆகிடும். வெங்காயம் வதக்குற நேரத்துல ஒரு புது டின்னர் ரெடி. மட்டன் மட்டுமில்ல, சிக்கன், பன்றிக்கறி எல்லாத்துக்கும் இது பொருந்தும். ஆனா அந்த வேலை திங்கட்கிழமை தொடங்குறது இல்லை, ஞாயிறு மதியமே தொடங்கிடணும். ஏன்னு முதல்ல பார்த்துடலாம்.

'கொதிக்க வச்சுட்டா போதும்' என்பது சரியா?

பாதிதான் சரி. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடிச்சதும் குழம்புச் சட்டி அடுப்பு மேலேயே இருக்கும். ராத்திரி ஒரு கொதி விட்டுச் சாப்பிடுவோம். மிச்சம் அப்புறம்தான் ஃப்ரிட்ஜுக்குப் போகும். அதுக்குள்ள எட்டு மணி நேரம் ஓடியிருக்கும்.

4 டிகிரி செல்சியஸில் இருந்து 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமா பெருகும். பெரிய சட்டியில் இருக்கிற கெட்டியான கறிக்குழம்பு மெதுவாத்தான் ஆறும். மணிக்கணக்கில் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கொதிக்கும்போது அது செத்தாலும், விதை மாதிரி இருக்கிற அதோட 'ஸ்போர்' பிழைச்சுக்கும். குழம்பு ஆற ஆற, அது முளைச்சுப் பெருக ஆரம்பிக்கும். மறுபடி நல்லா கொதிக்க வச்சா இந்த பாக்டீரியா சாகும்தான். ஆனா கரண்டியும் கையும் பட்டுச் சேர்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு, கொதிச்சாலும் போகாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. வாசனை நல்லா இருக்கிற குழம்பும் வயித்தைக் கலக்கும்.

அதனால கணக்கு இதுதான்: சமைச்சு இரண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ். வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டினா ஒரு மணி நேரம். சென்னை, மதுரை, திருச்சியில் வருஷத்தில் பெரும்பாலான மதியம் இந்த ஒரு மணி நேரக் கணக்குதான்.

'சூடா ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாதே?' என்று வீட்டில் கேட்பாங்க. ஆவி பறக்கிற முழுச் சட்டியை உள்ளே வைக்கக் கூடாது, உண்மைதான். பக்கத்தில் இருக்கிற பாலும் தயிரும் சேர்ந்து சூடாகும். அதுக்குப் பதிலா உயரம் குறைவான சின்ன டப்பாக்களில் பிரிச்சு ஊத்துங்க. பத்து இருபது நிமிஷத்துல ஆவி அடங்கிடும். லேசான சூட்டோட உள்ளே வச்சா ஒண்ணும் ஆகாது.

'அந்தக் காலத்துல ஃப்ரிட்ஜா இருந்துச்சு?' இதுவும் வரும். அந்தக் காலத்தில் அரைக் கிலோ கறியை எட்டு பேர் சாப்பிட்டாங்க, மிச்சமே கிடையாது. மிஞ்சினா தண்ணி வத்துற வரை சுண்ட வச்சாங்க. நிறைய இருந்தா உப்பும் மஞ்சளும் தடவி, வெயில்ல காயவச்சு உப்புக்கண்டம் போட்டாங்க. ஈரத்தைக் குறைக்கிறது அவங்க வழி. நம்ம வழி குளிர வைக்கிறது.

பிய்ச்சு வைக்கிறதுதான் ட்ரிக்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'புல்டு போர்க்' ரொம்ப பிரபலம். பன்றியின் தோள்பட்டைக் கறியைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவச்சு, முள்கரண்டியால் நார் நாராப் பிய்ப்பாங்க. அதிகமா வேலை செய்த தசை என்பதால் தோள்பட்டையில் கொலாஜன் நிறைய இருக்கும். சாதாரணமா வேகவச்சா ரப்பர் மாதிரி இருக்கும். நேரம் கொடுத்தா அந்தக் கொலாஜன் ஜெலட்டினாக உருகி, கறி தானா பிரியும். ஒரே தடவை பெருசா சமைச்சுட்டு, மிச்சத்தை மறுநாள் சாண்ட்விச், டாக்கோ என்று வேற வேற மாதிரி சாப்பிடுவாங்க.

நம்ம குக்கரும் இதையேதான் செய்யுது, இன்னும் சீக்கிரமா. உள்ளே சூடு கிட்டத்தட்ட 120 டிகிரி வரை போறதால, ஆட்டுத் தொடையும் முன்னங்காலும் அரை மணி, முக்கால் மணி நேரத்துல அந்தப் பதத்துக்கு வந்துடும். எலும்பை எடுத்துட்டு, கறி வெதுவெதுப்பா இருக்கும்போதே இரண்டு முள்கரண்டியால் பிய்ச்சிடுங்க. ஆறிப்போனா ஜெலட்டின் இறுகி, பிய்க்கிறது கஷ்டம். சிக்கன்னா பிராய்லர் நெஞ்சுக்கறி சூடு பண்ணும்போது சீக்கிரம் வறண்டுடும். கொஞ்சம் கிரேவி ஊத்தியே டப்பாவில் வைங்க.

எலும்பைத் தூக்கிப் போடாதீங்க. சாப்பிடும்போது தட்டில் விழுந்த எலும்பைச் சொல்லலை, சட்டியில் மிஞ்சினதைச் சொல்றேன். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டா எலும்பு ரசம்.

திங்கள்: கறி தோசை

மதுரைக்காரங்க ஏற்கெனவே கண்டுபிடிச்சு வச்சிருக்கிற பதில் இது. எங்களைக் கேட்டா, மிச்சக் கறிக்கு இதைவிட நல்ல முடிவு வேற இல்லை. அரை வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலையை வதக்கி, பிய்ச்ச கறியில் ஒரு கைப்பிடி போட்டு, ஈரம் போற வரை நல்ல சூட்டில் புரட்டுங்க. கடைசியில் மிளகுத்தூள். கல்லில் மாவை ஊத்தப்பம் கனத்துக்கு ஊத்தி, மேல ஒரு முட்டையை அடிச்சு ஊத்தி, அது இறுகுறதுக்குள்ள கறியைப் பரப்பி கரண்டியால் லேசா அழுத்துங்க. தீ குறைவா இருக்கணும், சுத்தி எண்ணெய் தாராளமா. அடி சிவந்ததும் திருப்பிப் போட்டு ஒரு நிமிஷம். தொட்டுக்க, தனியா எடுத்து வச்ச கிரேவியே போதும். பாக்கெட் மாவு இருந்தா 15 நிமிஷம்தான். ஞாயிறு முழுக்க அடுப்படியில் நின்ன அம்மாதான் இதையும் சுடணும்னு இல்லை. முதல்ல வீட்டுக்கு வர்றவங்க கல்லைப் போடலாம்.

செவ்வாய்: கொத்து

பரோட்டா இருந்தா பரோட்டா, இல்லைன்னா மிஞ்சின சப்பாத்தி. துண்டு துண்டா வெட்டி, வெங்காயம், தக்காளி, முட்டை, கறி எல்லாத்தையும் ஒண்ணா கொத்துங்க. இரண்டு கரண்டி கிரேவிக்கு மேல வேண்டாம், சப்பாத்தி சொதசொதன்னு ஆகிடும். அதுக்கும் நேரம் இல்லைன்னா பிரெட்டை டோஸ்ட் பண்ணி நடுவுல கறி, பச்சை வெங்காயம், எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான்.

ஃப்ரைடு ரைஸ் பண்ணலாம்னு தோணும். பண்ணலாம், ஆனா ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோற்றில் வேண்டாம். அரிசியில் இருக்கிற பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா சோற்றில் உண்டாக்கும் வாந்தி நச்சு, கடாயில் எவ்வளவு வறுத்தாலும் அழியாது. புதுசா உதிரியா வடிச்ச சோறு போதும். பழைய சோறு கதை வேற. தண்ணீரில் ஊறி, லாக்டிக் அமிலம் உருவாகிப் புளிக்கிற முறை அது.

மிஞ்சின கிரேவியில் முருங்கைக்காயோ அவிச்ச முட்டையோ போட்டுச் சுண்ட விட்டா புதன்கிழமை கதையும் முடிஞ்சது. அதுக்கு மேல இழுக்காதீங்க, சமைச்ச கறி ஃப்ரிட்ஜில் மூணு, நாலு நாள்தான். எடுக்கும்போது தேவையானதை மட்டும் எடுத்து, தளதளன்னு கொதிக்க விடுங்க. மைக்ரோவேவ்னா நடுவில் ஒரு தடவை கிளறணும். ஓரம் கொதிக்கும்போதே நடு ஜில்லுன்னு இருக்கும். கரன்ட் போச்சுன்னா கதவைத் திறக்காதீங்க. மூடின ஃப்ரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் தாங்கும்.

பன்றிக்கறி சாப்பிடுறவங்களுக்கு ஒரு போனஸ். குளிர்ந்ததும் மேலே வெள்ளையா உறையும் கொழுப்பை வழிச்சு எடுத்து, உருளைக்கிழங்கு வறுக்க எண்ணெய்க்குப் பதிலா ஊத்துங்க. குடகு ஸ்டைல் பந்தி கறின்னா கச்சம்புளியோட புளிப்பு மறுநாள் இன்னும் நல்லா இறங்கியிருக்கும். அதைக் கொத்து போட்டு வீணாக்காம, தோசையோட அப்படியே சாப்பிடுங்க.

ஊர்ல இருந்து கறி கொண்டு வர்றீங்களா?

ஞாயிறு நைட் பஸ்ஸில் மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ சென்னை, பெங்களூரு திரும்புறவங்க பையில் ஒரு தூக்குவாளி இருக்கும். மதியம் சமைச்ச குழம்பு, எட்டு பத்து மணி நேரம் பையின் வெதுவெதுப்பில். மேலே சொன்ன எல்லா ஆபத்தும் அந்த ஒரு வாளியில் இருக்கு. அம்மாகிட்ட 'வேண்டாம்'னு சொல்றது கஷ்டம். அதனால 'வேற மாதிரி கொடுங்க'ன்னு சொல்லுங்க. குழம்பு வேண்டாம், தண்ணி இல்லாம வறுத்த சுக்கா போதும். அதையும் சனிக்கிழமையே சமைச்சு, தட்டையான டப்பாவில் ஃப்ரீசரில் கல்லு மாதிரி உறைய விட்டு, கிளம்புற நேரத்தில் எடுத்து, நாலஞ்சு பேப்பரில் சுத்தி, ஐஸ் பேக்கோட கூலர் பையில் போடுங்க. ரூமுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து பாருங்க. நடுவில் இன்னும் ஐஸ் ஒட்டிக்கிட்டு இருந்தா நேரா ஃப்ரிட்ஜில் வச்சு, அன்னைக்கு ராத்திரியே தோசைக் கல்லுக்குக் கொண்டுபோகலாம். முழுசா உருகி வெதுவெதுன்னு இருந்தா, மனசு கேட்காதுதான், கொட்டிடுங்க.