கீபோர்டு வாங்கலாம்... வாத்தியார்?

பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் பள்ளிக்கூடத்தில் முதலில் கை வைப்பது பாட்டு வகுப்பில்தான். இதை நன்றாக அனுபவித்த மாநிலம் கலிபோர்னியா. 1978 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்போட்டார்கள். வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம்; அந்த வரியை நம்பியிருந்த பள்ளிகளுக்குத் திண்டாட்டம். கணக்கு வாத்தியாரை வீட்டுக்கு அனுப்ப முடியாது, பேண்ட் வாத்தியாரை அனுப்பலாம். அனுப்பினார்கள். ஹாலிவுட் இருக்கும் மாநிலத்தில், முழுநேர இசை அல்லது கலை ஆசிரியர் உள்ள அரசுப் பள்ளி ஐந்தில் ஒன்று தேறினால் அதிகம் என்று 2022இல் பிரசாரம் செய்ய வேண்டிவந்தது.

அந்தப் பிரசாரம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 28ஆம் எண் முன்மொழிவுக்காக. முன்னின்று நடத்தியவர் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டத்தின் முன்னாள் கண்காணிப்பாளர் ஆஸ்டின் பியூட்னர். கிட்டார் கம்பெனியான ஃபெண்டரும் பணம் போட்டது. பாட்டு வகுப்பு நடந்தால்தானே கிட்டார் விற்கும்! நவம்பரில் சுமார் 64 சதவீத ஆதரவோடு ஜெயித்தது. புது வரி எதுவும் கிடையாது. பள்ளிக் கல்விக்கு மாநில, உள்ளூர் நிதியிலிருந்து கட்டாயம் ஒதுக்கும் தொகையில் 1 சதவீதம் எவ்வளவோ, அவ்வளவையும் பொது நிதியிலிருந்து கூடுதலாக எடுத்துக் கலைக்கும் இசைக்கும் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டான 2023-24இல் அது 93.8 கோடி டாலர்.

இவ்வளவு பணமா, வகுப்புக்கு வகுப்பு டிஜிட்டல் ஸ்டுடியோ போட்டுவிடலாமே என்று தோன்றும். சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 500 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள பள்ளி மாவட்டங்கள் குறைந்தது 80 சதவீதத்தைச் சொல்லிக்கொடுக்கிற ஆட்களின் சம்பளத்துக்குத்தான் செலவிட வேண்டும். நிர்வாகச் செலவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருவி, மென்பொருள், பயிற்சி, வெளி அமைப்புகளோடு கூட்டு எல்லாவற்றையும் மிச்சத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். மொத்தத் தொகையில் 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கைப்படி பிரிகிறது. 30 சதவீதம் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைப் பார்த்துப் போகிறது. எண்ணிக்கைப் பங்கு மட்டும் தலைக்குச் சுமார் 110 டாலர். 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 55,000. அதில் ஆசிரியருக்கு 44,000. கலிபோர்னியாவில் ஒரு முழுநேர ஆசிரியரின் சம்பளத்தில் அது பாதிதான் வரும். இரண்டு பள்ளிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கருவிக்கு மிஞ்சுவது பத்தாயிரம் டாலர் சொச்சம்.

பத்தாயிரம் போதுமா? கம்ப்யூட்டரே வாங்க வேண்டுமென்றால் போதாது. ஆனால் கொரோனா காலத்தில் மத்திய அரசு கொடுத்த நிவாரணப் பணத்தில் பல பள்ளிகள் குரோம்புக் லேப்டாப்புகளை வாங்கி வைத்திருக்கின்றன. பேண்ட்லேப், சவுண்ட்ராப் போன்ற இசை மென்பொருள்கள் பிரவுசரிலேயே ஓடும். கூடுதலாகத் தேவைப்படுவது கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்ன மிடி கீபோர்டு, ஹெட்போன், ஒன்றிரண்டு மைக். தலைவலி இதற்குப் பிறகுதான். பிள்ளை கட்டையை அமுக்கியதும் சத்தம் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாக வந்தாலே தாளம் போய்விடும். ப்ளூடூத் ஹெட்போன் என்றால் தாமதம் இன்னும் மோசம். வயர் வைத்ததுதான் சரிப்படும். அந்த வயரோ பிளக் சேருமிடத்தில் அறுந்துகொண்டே இருக்கும். கட்டண மென்பொருளாக இருந்தால் வருஷா வருஷம் சந்தா. வெளியில் கேட்டு வாங்கும் மானியம் ஒருமுறை வந்துவிட்டுப் போய்விடும்; சந்தா கட்டாவிட்டால் பிள்ளைகள் போட்ட பாட்டைத் திறக்கவே முடியாமல் போகலாம். மானிய விண்ணப்பத்தில் ஹெட்போனுக்கும் சந்தாவுக்கும் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கேட்பவர்தான் விவரமானவர்.

கருவிச் செலவுக்குக் கட்டுப்பாடு மத்திய அரசின் பணத்திலும் உண்டு. 2015இல் ஒபாமா கையெழுத்திட்ட பள்ளிக் கல்விச் சட்டம், முழுமையான கல்வி என்ற தலைப்பில் இசையையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதன் நான்காம் பிரிவு மானியத்தில் தொழில்நுட்பத்துக்கென்று தனிப் பங்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கிலும் சாதனங்களுக்கும் கட்டமைப்புக்கும் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மற்றதெல்லாம் பயிற்சிக்கும் பாடத்துக்கும்.

தனியார் அறக்கட்டளைகளும் லேசுப்பட்டவை அல்ல. விஎச்1 சேனல் 1997இல் தொடங்கிய ‘சேவ் தி மியூசிக்’, டெட்ராய்ட் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் பெயரில் இசைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு மானியம் கொடுக்கிறது. பீட் மெஷினில் வித்தை காட்டியவர் அவர். அந்த மெஷின் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளிக்குக் கருவி கொடுக்கும் முன் இந்த அறக்கட்டளை கேட்கும் கேள்வி: தகுதி பெற்ற இசை ஆசிரியர் இருக்கிறாரா? பிராங்க்ஸ் ஆசிரியர் ஒருவர் 2000இல் தொடங்கிய ‘டோனர்ஸ்சூஸ்’ இணையதளத்தின் வழி எளிது. ஆசிரியர் தேவையை எழுதிப்போட்டால், முன்பின் தெரியாதவர்கள் ஐந்தும் பத்துமாகப் போடுவார்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் பொருளையே வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் இங்கேயும், கேட்பதற்கு முதலில் ஓர் ஆசிரியர் வேண்டும்.

மைக்கும் மிக்சருமாக ஆசைப்படுகிறவர்களுக்கு 80 சதவீத விதி எரிச்சல் தரும். என்னைக் கேட்டால் விதிதான் சரி. ஆள் இல்லாத பள்ளியில் கீபோர்டு பெட்டி பிரியாமலே பீரோவுக்குப் போகும். குறை வேறு இடத்தில் இருக்கிறது: அந்த 80 சதவீதம் புது ஆசிரியருக்குத்தான் போகிறது என்று யார் பார்ப்பது? ஏற்கெனவே இருக்கும் ஆசிரியரின் சம்பளத்தை இந்தக் கணக்கில் எழுதிவிட்டு, பழைய பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிட வழியிருக்கிறது. சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனாலும் முதல் ஆண்டில் சுமார் 7.7 கோடி டாலர் பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் அப்படித்தான் செய்தது என்று 2025 பிப்ரவரியில் வழக்குத் தொடர்ந்தார்கள். தொடர்ந்தவர்களில் பியூட்னரும் ஒருவர். தான் தலைமை வகித்த மாவட்டத்தின் மீதே, தான் எழுதிய சட்டத்தை வைத்து! மாவட்டம் குற்றச்சாட்டை மறுத்தது.

உண்மையிலேயே ஆள் தேடும் பள்ளிகளுக்கு ஆள் கிடைப்பதும் லேசில்லை. ஒரு வழி உண்டு: தொழிற்கல்விச் சான்றிதழ் வழியாக, ஸ்டுடியோவில் மூன்று வருஷம் வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் உயர்நிலைப் பள்ளிக்குப் பாடம் எடுக்க வரலாம். இசைத் தொழில்நுட்ப வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் யார்? பணத்துக்குக் கெடுவும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டுப் பணத்தையும் மூன்று வருஷத்துக்குள் செலவழித்துவிட வேண்டும். முதல் தவணைக்குக் கடைசி நாள் 2026 ஜூன் 30. மிஞ்சியதை மாநிலம் திரும்ப எடுத்து மற்ற பள்ளிகளுக்குப் பங்கிட்டுவிடும்.