ஒன்பது நொடியில் 99 ஆப்பிள்

இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு மெயின்டெனன்ஸ் வேலை. லைன் நின்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். பேனலைத் திறந்து, எந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியில் லேப்டாப்பைச் செருகி, எந்த சென்சார் பொய் சொல்கிறது என்று தேடுவதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லையென்றால், செம்பரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தெருவில் உள்ள பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லிக் கொடுக்கிறேன். வாத்தியார் படிப்பெல்லாம் எனக்கு இல்லை. கையில் இருப்பது ஒரு டிப்ளமோ, அண்ணன் மகளுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப், லுவாண்டி என்ற விளையாட்டு. அவ்வளவுதான்.

பிள்ளைகள் முதலில் கேட்டது ரோப்லாக்ஸ். அதில் சொந்தமாக விளையாட்டு செய்ய ரோப்லாக்ஸ் ஸ்டுடியோ வேண்டும். அது விண்டோஸிலும் மேக்கிலும்தான் ஓடும். எங்கள் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். வேறு வழி தேடியபோது கிடைத்தது லுவாண்டி. 2010இல் பெர்ட்டு அஹோலா என்ற ஃபின்லாந்துக்காரர் தொடங்கியது. 2024 வரை அதன் பெயர் மைன்டெஸ்ட். மைன்கிராஃப்ட் போலவே சதுரக் கட்டைகளால் ஆன உலகம், தோண்டலாம், கட்டலாம். காசு கிடையாது, பழைய கம்ப்யூட்டரே போதும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். லேப்டாப்பில் சர்வரை மட்டும் ஓட்டிவிடுவேன். பிள்ளைகள் அப்பா அம்மா போன்களை எடுத்துவந்து வைஃபையில் சேர்ந்துகொள்வார்கள். முக்கியமான விஷயம், இந்த விளையாட்டின் விதிகளை நாமே எழுதலாம்.

ஒரு வீடியோ கேமில் இரண்டு அடுக்கு உண்டு. அடியில் இருப்பது இன்ஜின். படம் வரைவது, வெளிச்சம் போடுவது, போனுக்கும் சர்வருக்கும் செய்தி அனுப்புவது எல்லாம் அதன் பாடு. லுவாண்டியில் அது சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. மேலே இருப்பது ஸ்கிரிப்ட். கல்லை எத்தனை அடியில் உடைக்கலாம், கதவு எப்போது திறக்கும், எதைத் தின்றால் உயிர் கூடும் என்பதெல்லாம் அங்கே சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இருக்கும். கோப்பை மாற்றி சேமித்து, சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினால் புது விதி அமலுக்கு வந்துவிடும்.

இப்படிப் பிரித்து வைக்கும் யோசனை பழையது. 1987இல் வெளியான மேனியாக் மேன்ஷன் என்ற விளையாட்டை லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் கம்பெனியில் செய்தபோது, கதையில் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் இன்ஜினைக் கிளற முடியாது என்று ரான் கில்பர்ட்டும் கூட இருந்தவர்களும் அதற்கென்றே தனி ஸ்கிரிப்ட் மொழி ஒன்றை உண்டாக்கினார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் என் பிழைப்பின் கதையும் அதுதான். 1960களில் அமெரிக்கக் கார் ஆலைகளில் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களின் ஒயர்களை அவிழ்த்து மறுபடி பூட்ட வேண்டியிருந்தது. 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு மாற்று கேட்டது. டிக் மார்லியின் குழு செய்த மோடிகான் 084 என்ற பி.எல்.சி. மறு வருஷமே வந்தது. ஒயரைத் தொடாமல் விதியை மட்டும் மாற்றும் வசதி. இன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்தத் தொழிற்சாலைப் பேனலைத் திறந்தாலும் அந்த வம்சத்துப் பெட்டி ஒன்று உள்ளே கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

நாங்கள் எழுதும் மொழி லுவா. 1993இல் பிரேசிலில், ரியோ நகரத்து பல்கலைக்கழகம் ஒன்றில் ராபெர்டோ ஈருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகெய்ரெடோ, வால்டெமர் செலெஸ் என்ற மூவர் செய்தது. அவர்கள் மனசில் அப்போது விளையாட்டே இல்லை. பெட்ரோப்ராஸ் என்ற எண்ணெய்க் கம்பெனியின் இன்ஜினியர்களுக்காக வேலை செய்துகொண்டிருந்த ஆய்வுக்கூடம் அவர்களுடையது; புரோகிராமர் அல்லாதவர்களும் எழுதும்படி எளிமையாக இருக்க வேண்டும் என்பது தேவை. 1998இல் வந்த கிரிம் ஃபேண்டாங்கோ என்ற விளையாட்டு லுவாவைப் பயன்படுத்திய பிறகு விளையாட்டு உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. ரோப்லாக்ஸில் இருப்பதும் லுவாவின் வழிவந்த மொழிதான். ஆலைக்காரர்களுக்காகப் பிறந்த மொழியை எங்கள் ஊர் ஆலைக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

இனி ஆப்பிளுக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மஞ்சள் கட்டை ஒன்று செய்தான். அதன் மேல் ஏறி நின்றால் ஒரு ஆப்பிள் கிடைக்க வேண்டும். எழுதியதும் சரியாகத்தான் இருந்தது: விளையாடுபவரின் காலுக்குக் கீழே இருப்பது மஞ்சள் கட்டையா என்று பார்; ஆமென்றால் பையில் ஒரு ஆப்பிள் போடு. ஏறி நின்றான். ஆப்பிள் கொட்டத் தொடங்கியது.

“மாமா, ஒண்ணுதானே குடுக்கச் சொன்னேன்!”

“நீ எத்தனை வாட்டி நின்ன?”

“ஒரு வாட்டிதான்.”

“சர்வர் எத்தனை வாட்டி பார்த்துச்சு?”

லுவாண்டி சர்வர் 0.09 நொடிக்கு ஒரு முறை உலகத்தைச் சுற்றிப் பார்க்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நொடிக்குப் பதினோரு முறை. ஒவ்வொரு முறையும் பையன் கட்டை மேல்தான் நிற்கிறான். ஒவ்வொரு முறையும் ஒரு ஆப்பிள். பையின் ஒரு கட்டத்துக்குள் 99 ஆப்பிள் அடங்கும். ஒன்பது நொடியில் அது நிறைந்துவிடும். பையில் 32 கட்டம். அசையாமல் நின்றால் ஐந்து நிமிஷத்துக்குள் பை முழுக்க ஆப்பிள்தான். இந்தக் கணக்கை பிள்ளைகளே காகிதத்தில் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இதைத்தான் நான் வேலையில் தினமும் பார்க்கிறேன். பி.எல்.சி.யும் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்: சென்சார்களைப் படி, விதிகளைச் சரிபார், மோட்டாருக்கும் வால்வுக்கும் உத்தரவு போடு, மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு ஒருசில மில்லி செகண்டுதான். ஒரு பீஸ் சென்சாருக்கு எதிரே கால் நொடி நின்றால், அதற்குள் அது பல முறை “இருக்கு, இருக்கு” என்று படிக்கப்பட்டிருக்கும். கவனமில்லாமல் எழுதினால் கவுண்டர் ஒரு பீஸைப் பத்தாக எண்ணிவிடும். அதனால் இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. இப்போதுதான் வந்ததா என்று கேட்க வேண்டும். போன சுற்றில் இல்லை, இந்தச் சுற்றில் இருக்கிறது என்றால் மட்டும் ஒன்று கூட்டு. நாங்கள் இதை ஒன் ஷாட் என்போம். பையன் ஒரு வேரியபிள் சேர்த்து, போன சுற்றில் நின்றானா என்பதைக் குறித்து வைத்தான். ஆப்பிள் ஒன்றோடு நின்றது. அவன் அப்பா பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், “எங்க கவுண்டரும் இப்படித்தான்பா ரெண்டு ரெண்டா எண்ணுது” என்றபடி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

வேரியபிள் என்றால் மதிப்பைச் சேமிக்கும் இடம் என்று பள்ளியில் எழுதிப்போட்டால் மார்க் கிடைக்கும். அது எதற்கு வேண்டும் என்பது ஆப்பிள் கொட்டும்போதுதான் உறைக்கும். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடம் காட்சித் தொடர்பு. அதில் ஸ்கிராட்ச் இருக்கிறது. எம்.ஐ.டி. 2007இல் வெளியிட்ட அருமையான கருவி, கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும். சின்னப் பிள்ளைகளை நான் அதில்தான் தொடங்கச் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்ததில்லை, ஒரு மார்க் கேள்விக்கான விடையாகத்தான் தெரியும். நீச்சலைப் புத்தகத்தில் படித்த கதை.

ஆங்கிலம் பற்றிக் கேட்பார்கள். லுவாண்டி பயன்படுத்தும் லுவாவில், மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள் மொத்தமே 21. இஃப், தென், எல்ஸ், எண்ட் என்று தமிழ் மீடியம் பிள்ளைகள் ஒரே மதியத்தில் பழகிவிடுகிறார்கள். தமிழ்ச் சொற்களிலேயே எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியும் இருக்கிறது, ஆர்வமுள்ளவர்கள் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கஷ்டம் பிழைச்செய்தியைப் படிப்பதில்தான். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். “மூடாத. எந்த ஃபைல், எத்தனாவது வரி, அத மட்டும் படி” என்பேன். பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும். இன்னொன்று: லுவாவில் பட்டியல் ஒன்றிலிருந்து எண்ணப்படும். பதினொன்றாம் வகுப்பு சி பிளஸ் பிளஸிலும் பன்னிரண்டாம் வகுப்பு பைத்தானிலும் பூஜ்யத்திலிருந்து. மேல்வகுப்புக்குப் போன பிள்ளைகள் இதற்காக என்னைத் திட்டுவதுண்டு.

போன மழைக்காலத்திலிருந்து எல்லோரும் சேர்ந்து லுவாண்டிக்குள் ஏரி கட்டுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேறென்ன கட்டுவார்கள்? செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நொடிக்கு இத்தனை கன அடி வருகிறது, இத்தனை போகிறது என்று டிவியில் சொல்வதை அப்படியே ஸ்கிரிப்டில் எழுதினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சர்வர், போன சுற்றிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் சொல்லும். நொடிக்கு 1,000 கன அடி என்றால் 0.09 நொடிக்கு 90 கன அடி. அதை இருப்போடு கூட்டு. ஓட்டினார்கள். ஏரி அசையவே இல்லை. கணக்குப் போட்டபோது புரிந்தது: அந்த வேகத்தில் காலி ஏரி நிரம்ப 42 நாள் ஆகும். ஒரு நொடியை ஒரு மணி நேரமாக்கினார்கள்; 17 நிமிஷத்தில் நிரம்பியது. அப்போது ஒரு பெண்பிள்ளை 2015 டிசம்பர் வெள்ளத்தில் நொடிக்குத் திறந்துவிட்ட 29,000 கன அடியைப் போட்டுப் பார்த்தாள். அந்த வேகத்தில் முழு ஏரியும் 35 மணி நேரத்தில் காலி. ஏரியிலிருந்து அடையாற்றுக்கு அன்று போனது எவ்வளவு என்பதை நானே அன்றைக்குத்தான் கணக்காகப் பார்த்தேன்.

பிறகு மதகு. 22 அடிக்கு மேல் போனால் திற, கீழே வந்தால் மூடு என்று எழுதினார்கள். 22ஐத் தொட்டதும் மதகு திறந்தது. கொஞ்சம் இறங்கியதும் மூடியது. உடனே ஏறியது, திறந்தது. பைத்தியம் பிடித்தாற்போல் படபடவென்று அடித்துக்கொண்டது. நிஜ மோட்டாராக இருந்தால் ஒரு மணி நேரத்தில் புகைந்திருக்கும். திறக்க ஒரு அளவு, மூட அதைவிடக் கொஞ்சம் குறைந்த அளவு வேண்டும் என்று அவர்களாகவே கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. மொட்டைமாடி டேங்க்கின் தானியங்கி மோட்டாரிலும் கம்பெனி கம்ப்ரஸரிலும் இருப்பது இதே ஏற்பாடு.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறே மாதத்தில் உங்கள் பிள்ளை ஆப் செய்வான் என்று ஃபிளெக்ஸ் வைத்துக் காசு பிடுங்குபவர்களை நம்பாதீர்கள். விளையாட வைத்தால் தானாக புரோகிராமிங் வந்துவிடும் என்பதும் பொய்; விளையாடுவது வேறு, விதி எழுதுவது வேறு. ரோப்லாக்ஸ் போன்றவற்றில் முன்பின் தெரியாதவர்களோடு அரட்டையும் பணச் செலவும் உண்டு, பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் சர்வர் வீட்டு வைஃபைக்கு வெளியே போகாது. மேலே படிக்க விரும்பும் பெரிய பிள்ளைகளை, ஞாயிறுதோறும் இணையத்தில் கூடும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவுக்கும், கணியம் வெளியிடும் இலவசத் தமிழ் நூல்களுக்கும் அனுப்பிவிடுகிறேன்.

ஏரியில் இப்போது ஒரு சிக்கல். 24 அடிக்கு 3,645 என்றால் 12 அடிக்கு அதில் பாதி என்று வைத்திருந்தார்கள். ஏரி மேலே போகப் போக அகலும், அடியில் குறுகும். அதனால் பாதி ஆழத்தில் பாதித் தண்ணீர் இருக்காது. ஒவ்வொரு அடிக்கும் உண்மையான இருப்பு எவ்வளவு என்று தெரிந்தால்தான் மதகு சரியாக வேலை செய்யும். மழைக்காலத்தில் பேப்பரில் நீர்மட்டமும் இருப்பும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. அதை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டத் தொடங்கியிருக்கிறார்கள். நோட்டு நிறைந்ததும் அதை லுவாவில் டேபிளாக எழுதத் தொடங்கலாம்.