அல்லாஹ் ‘சொல்றான்’... நபிகள் ‘சொன்னார்கள்’!

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. ‘ஏனுங்க, உக்கடம் போகுங்களா?’, ‘சில்லறை இருந்தா குடுங்க’, ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க கண்ணு’. திட்டும்போதுகூட ‘ங்க’ போட்டுத் திட்டுற ஊருங்க இது! அஞ்சாம் கிளாஸ் பையனையே ‘வாங்க தம்பி’ன்னு கூப்பிடுற கோயம்புத்தூர்ல, கிளாஸ்ல பக்கத்து பெஞ்ச் ரஹீமோ ஃபாத்திமாவோ ‘அல்லாஹ் சொல்றான்’னு சாதாரணமா சொல்லும்போது நம்மில் பலருக்கு டக்குனு ஒரு சந்தேகம் வரும். சாமியைப் போய் ‘அவன், இவன்’னா சொல்றது?

அதுலயும் இன்னொரு ஆச்சரியம் இருக்கு. அதே ரஹீம் அடுத்த வரியில் நபிகள் நாயகத்தைப் பற்றிப் பேசினால், ‘நபி அவர்கள் சொன்னார்கள்’ என்று பன்மையில் மரியாதை கொட்டுவான். கடவுளுக்கு ‘ன்’, கடவுளின் தூதருக்கு ‘ர்கள்’. தலைகீழா இருக்கே?

பல பேர் இதை மனசுக்குள்ளேயே கேட்டுக்கிட்டு விட்டுடுவாங்க. 1997 கலவரமும் 58 பேரை பலி வாங்கிய 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பும் நடந்த ஊர் இது. அதுக்கப்புறம் மதம் பற்றிய கேள்வி என்றாலே ‘எதுக்கு வம்பு’ என்று நகர்ந்துபோற பழக்கம் இங்கே ஒரு தலைமுறைக்கே ஒட்டிக்கிச்சு. ஆனா, இது கேட்கக் கூடாத கேள்வியே இல்லை பாஸ். இஸ்லாத்தின் அஸ்திவாரமே இந்த ‘ன்’, ‘ர்’ விவகாரத்துக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணுன்னா ஒண்ணுதான்!

அந்த அஸ்திவாரத்துக்கு அரபியில் தவ்ஹீத் என்று பெயர். தமிழ் முஸ்லிம்கள் ஏகத்துவம் என்பார்கள். கடவுள் ஒருவன், அவனுக்கு நிகர் யாரும் இல்லை, வணக்கம் அவனுக்கு மட்டும். ‘அட, எல்லா மதமும் கடைசியில ஒரே கடவுள்னுதானே சொல்லுது’ என்பீங்க. சரிதான். ஆனா, ஒருவன் என்று சொல்வதோடு இஸ்லாம் நிற்பதில்லை. வேறு யாரையும், எதையும் அவன் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதே என்பதில்தான் அதன் மொத்த அழுத்தமும். ஒருவர் முஸ்லிமாகச் சொல்ல வேண்டிய கலிமாவே ‘இல்லை’ என்ற மறுப்பில்தான் தொடங்குகிறது. வேறு கடவுள் இல்லை என்று முதலில் மேஜையைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் ‘அல்லாஹ்வைத் தவிர’ என்று வருகிறது.

குர்ஆனின் 112-வது அத்தியாயம் இக்லாஸ். நாலே நாலு சின்ன வசனம். கடவுள் ஒருவன், யாரிடமும் தேவையற்றவன், பெறவும் இல்லை, பெறப்படவும் இல்லை, அவனுக்கு ஈடு யாரும் இல்லை. சாராம்சம் இவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் பண்ணும் அத்தியாயங்களில் இதுவும் ஒண்ணு. இதில் ‘ஒருவன்’ என்பதற்கு வரும் அரபுச் சொல் ‘அஹத்’. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணும்போது வருகிற ‘வாஹித்’ வேறு. ரெண்டாவது என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காத ஒண்ணு, அஹத்.

மக்காவில் பிலால் என்ற கறுப்பின அடிமையைச் சுடுமணலில் கிடத்தி, நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றி, ‘உன் புதுக் கடவுளை விட்டுடு’ என்று எஜமான் சித்ரவதை செய்தபோது, அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இந்த ஒரு சொல்லைத்தான் என்கிறது இஸ்லாமிய வரலாறு. அன்றைக்கு கஅபாவைச் சுற்றி 360 சிலைகள் இருந்தனவாம். ஒவ்வொரு கோத்திரத்துக்கும் ஒரு தெய்வம், அவர்கள் வந்து போவதால் ஊருக்கு வியாபாரம். ‘ஒண்ணுதான்’ என்று ஒருத்தர் சொன்னால் ஊர்ப் பெரிய மனுஷங்க ஏன் கொதித்தார்கள் என்று இப்போ புரியுதா? 630-ல் நபிகள் மக்காவை வென்றபோது அந்தச் சிலைகள் அகற்றப்பட்டன. அஹத் என்று முனகிய அதே பிலால், கஅபாவின் மேலே ஏறி நின்று தொழுகைக்கு அழைப்புக் கொடுத்தார்.

அல்லாஹ் என்ற சொல்லையும் பாருங்க. முஸ்லிம்களுடைய சாமியின் பெயர் அது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரபி பேசும் கிறிஸ்தவர்களும் கடவுளை அல்லாஹ் என்றுதான் சொல்கிறார்கள்; அவர்களுடைய பைபிளிலும் அதே சொல்தான். அரபியில் பொதுவாகத் தெய்வம் என்பதற்கு ‘இலாஹ்’ என்ற சொல் இருக்கிறது, அதற்குப் பன்மையும் உண்டு. அல்லாஹ்வுக்கோ பன்மை கிடையாது, பெண்பாலும் கிடையாது. தமிழில் கடவுளைக் கடவுளர் ஆக்கலாம், தேவனைத் தேவர்கள் ஆக்கலாம். அந்தச் சொல்லை அப்படி எதுவும் பண்ண முடியாது.

மரியாதையா, பன்மையா?

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். தமிழில் ‘அவர்கள்’ என்றால் ரெண்டு அர்த்தம். ஒண்ணு மரியாதை, இன்னொண்ணு கூட்டம். ஒருவன்தான் என்பதையே உயிராக நினைக்கிற ஒரு மார்க்கம் தமிழுக்கு வந்தபோது, கூட்டம் என்ற வாசனைகூட வராத ‘அவன்’தான் பாதுகாப்பாகத் தெரிந்திருக்கும். முஸ்லிம் நண்பர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதிலைத்தான் சொல்வார்கள். நபிகள் விஷயத்தில் அந்தக் கவலையே இல்லை. அவர் மனிதர். எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும் வணக்கத்துக்கு உரியவர் அல்ல. அதனால் ‘ர்கள்’ எத்தனை போட்டாலும் ஆபத்தில்லை.

பழைய புத்தகங்களில் முஸ்லிம்களை ‘முகமதியர்’ என்று எழுதியிருப்பார்கள், பார்த்திருக்கீங்களா? அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான். முகமதுவை வணங்குபவர்கள் என்ற அர்த்தம் அதில் எட்டிப் பார்க்கிறதே!

ஆனா, முழு கிரெடிட்டையும் அரபிக்கே கொடுத்துவிட முடியாது. தமிழுக்கும் இதில் பங்கு இருக்கிறது. சங்கப் புலவர்கள் ராஜாவை நேருக்கு நேர் ‘நீ’ என்றுதான் பாடினார்கள். ஒருத்தரைப் பன்மையில் சொல்லும் மரியாதை பேச்சு வழக்கில் இருக்கிறது, ஆனால் இலக்கணப்படி அது சரியான முறை இல்லை என்கிறது தொல்காப்பியம். (கோயம்புத்தூர்க்காரங்க தொல்காப்பியரை மன்னிச்சுடுங்க!) சிவனையும் பெருமாளையும் ‘அவன்’, ‘நீ’ என்று உருகிய பாடல்களுக்குக் கணக்கே இல்லை. ‘மேல இருக்கிறவன் பார்த்துக்குவான்’ என்று நம்ம பாட்டி சொல்றதும் அதே ‘ன்’தான். குலமும் கடவுளும் ஒன்றே என்ற திருமூலரின் கருத்தை மேடைமேடையாகக் கொண்டுபோன அண்ணாவும் அந்தக் கடவுளை ஒருமையில்தான் சொன்னார். மரியாதைக் குறைவு என்று யாரும் கோபிக்கவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்கள்தான் வேறு வழியில் போனார்கள். தமிழ் பைபிளில் கர்த்தர் ‘சொன்னார்’, ‘படைத்தார்’. ஜெபத்தில் ‘நீர்’, ‘தேவரீர்’. முஸ்லிம்களின் துஆவில் ‘யா அல்லாஹ், நீ மன்னிப்பாயாக’. ஒரே கிளாஸ்ரூமில் ‘நீ’யும் ‘நீரும்’ பக்கத்து பக்கத்து பெஞ்ச்சில் உட்கார்ந்திருக்கிறது, நாமதான் கவனிக்கலை.

உக்கடம், கோட்டைமேடு பக்கம் போனால் தமிழோடு உருதுவும் மலையாளமும் சேர்ந்தே காதில் விழும். உருதுக்காரர்கள் பெரியவர்களை ‘ஆப்’ என்பார்கள். அல்லாஹ்விடம் கையேந்தும்போது மட்டும் ‘தூ’. அதாவது ‘நீ’. மலையாள குர்ஆன் மொழிபெயர்ப்புகளிலும் ‘அவன்’தான்.

சரி, ஒரு கூக்ளி போடுறேன். குர்ஆனைத் தமிழில் புரட்டினால் பல இடங்களில் அல்லாஹ் தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘நாம் படைத்தோம்’, ‘நாம் அனுப்பினோம்’ என்று வரும். ஒருவன்தான் என்றால் ‘நாம்’ எங்கிருந்து வந்தது? அரபியில் உள்ள ராஜ தோரணைப் பன்மை அது, ஆளைக் கூட்டிச் சொல்வதல்ல என்கிறார்கள் அறிஞர்கள். நம்ம ஊர் சரித்திரப் படத்தில் மகாராஜா ‘நாம் ஆணையிடுகிறோம்’ என்பாரே, அந்த மாதிரி. மொழிபெயர்த்தவர்கள் ‘நாங்கள்’ என்று போடாமல் ‘நாம்’ என்று போட்டதைக் கவனிங்க. ‘நாங்கள்’ என்றால் கதை முடிஞ்சது, கூட்டமாகிவிடும். குர்ஆனை முழுசாகத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடி ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி. 1920களின் இறுதியில் முதல் பகுதியை வெளியிட்டார். ஒவ்வொரு வினைமுற்றிலும் ‘ஆன்’ போடுவதா, ‘ஆர்’ போடுவதா, ‘ஓம்’ போடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய வேலை அது. சும்மா இல்லை.

பக்கத்தில் யாரையும் வைக்காதே

தவ்ஹீதுக்கு எதிர்ச்சொல் ஷிர்க். இதற்குத் தமிழ் முஸ்லிம்கள் வைத்திருக்கும் பெயர் ‘இணை வைத்தல்’. எனக்கு ரொம்பப் பிடித்த தமிழாக்கம் இது. அகராதியைத் தேட வேண்டாம், காதில் விழுந்ததும் புரிகிறது. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் எல்லாம் இப்படித்தான். மற்ற ஊர்களில் நமாஸ், ரோஜா, மஸ்ஜித் என்று சொல்லிக்கொண்டிருக்க, நம்ம ஆளுங்க தமிழிலேயே வேலையை முடிச்சுட்டாங்க.

ஆனா, எது இணை வைத்தல் என்பதில்தான் பெரிய சண்டையே. குணங்குடி மஸ்தான் சாகிபு என்று ஒரு சூஃபி ஞானி, 1838-ல் மறைந்தவர். கடவுளைப் பராபரம் என்று சித்தர் பாணியில் கூப்பிட்டார். அதோடு விட்டாரா? மனோன்மணி என்று பெண்ணாக்கிக் காதலும் பண்ணினார். ‘அவன்’ என்ற எல்லையே உடைந்துபோகிறது. இருப்பது எல்லாமே அவன்தான் எனும்போது இணை வைக்க இன்னொண்ணு எங்கே இருக்கு என்பது சூஃபிகள் கட்சி. படைத்தவனையும் படைக்கப்பட்டதையும் ஒண்ணாக்கறதே தப்பு என்பது எதிர்க்கட்சி.

தர்கா விஷயத்தில் இது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்தில் நின்று ‘எனக்காக அல்லாஹ்விடம் சொல்லுங்க’ என்று கேட்கலாமா? ‘நாங்க அவரை வணங்கலை, அவர் மூலமா கேட்கிறோம். கலெக்டரைப் பார்க்க பி.ஏ.கிட்ட போறதில்லையா?’ என்பார்கள் தர்காவுக்குப் போகிறவர்கள். ‘கலெக்டருக்கு பி.ஏ. வேணும். எல்லாத்தையும் நேரா கேட்கிறவனுக்கு எதுக்கு? பிரார்த்தனையே வணக்கம்தான், அதை இறந்தவர்கிட்ட வைக்கிறதுதான் இணை’ என்பார்கள் மறுப்பவர்கள். 1980களில் தமிழ்நாட்டில் சூடுபிடித்த இந்த விவாதத்திலிருந்து அமைப்புகள் வந்தன. 2004-ல் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் உருவானது. தாயத்தை அறுத்தெறிந்த பிள்ளையும், அதைக் கட்டிவிட்ட அம்மாவும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்த கதைகள் உண்டு. சம்பந்தம் பேசும்போதே ‘அவங்க தவ்ஹீதா, சுன்னத் ஜமாஅத்தா?’ என்று விசாரிப்பார்கள். ஒருமை என்று அர்த்தம் தருகிற சொல் ஒரு பிரிவின் பெயராகிப் போனது சோகமா, வேடிக்கையா? எனக்கு ரெண்டுமாத்தான் தெரியுது.

சண்டையில் எந்தப் பக்கமும் முட்டாள்கள் இல்லை என்பது மட்டும் நிச்சயம். மூடநம்பிக்கை வியாபாரம், உண்டியல், பேயோட்டுறது எல்லாம் தர்காக்களைச் சுற்றி வளர்ந்ததை மறுப்பவர்கள் கேள்வி கேட்டதில் நியாயம் இருக்கு. அதே தர்கா வாசல்தான் இந்துவும் முஸ்லிமும் வரிசையில் ஒண்ணா நின்ற இடம் என்பதும் நிஜம். நாகூர் தர்காவின் அஞ்சு மினாராக்களில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் 18-ம் நூற்றாண்டில் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய ராஜா பிரதாப் சிங்.

நாகூர் என்றதும் ஹனீபாவை விட முடியுமா? 2015-ல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனீபாவின் கம்பீரக் குரலில், இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அந்தப் பாட்டு கோயில் திருவிழா மைக் செட்டிலும் ஒலிச்சிருக்கு. அல்லாஹ் என்று சொல்லாமல் ‘இறைவன்’ என்று பாடியதால் யார் வீட்டு விசேஷத்திலும் அது பொருந்திப் போச்சு. கேட்டால் இல்லை என்று சொல்லாத ஒருவனிடம் நேராகக் கேள் என்பதுதான் அதன் விஷயம். அக்மார்க் ஏகத்துவம்! அதே ஹனீபா நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியைப் போற்றியும் உருகி உருகிப் பாடியிருக்கிறார். முதல் பாட்டுக்குத் தலையாட்டுகிற பலர் ரெண்டாவது வந்ததும் ‘மாத்துப்பா’ என்பார்கள்.

அந்த வலிக்கு ஜனங்க வைத்த பெயர் நாகூர் ஆண்டவர். கடவுளுக்கு ஆண்டவன், அவருக்கு ஆண்டவர். ‘ர்’ போட்டாச்சே, மனிதர்தான்னு தெரியலையா என்று ஒரு பக்கம் கேட்கும். ‘ஆண்ட’ என்பதையே எப்படி ஒரு மனிதருக்குக் கொடுத்தீங்க என்று இன்னொரு பக்கம் கேட்கும். இதைப் பற்றி வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வர்ற ரஹீமிடம் கேட்டுப் பாருங்க. பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் நீங்க வாங்கிக் கொடுக்கணும், அவ்வளவுதான். மதியம் முதல் பீரியடுக்கு லேட்டானா நான் பொறுப்பில்லை.