ரொறன்ரோவில் பிரண்டை

ரொறன்ரோவில் பிரண்டை வளர்ப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான்: கோடை முழுவதும் செழித்த கொடி ஜனவரியில் அழுகிப் போயிற்று. குளிரைக் குறை சொல்வார்கள். தண்ணீரைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

பார்வைக்குக் கள்ளி போலிருந்தாலும் பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. டொன் நதிப் பள்ளத்தாக்கில் மரங்களின்மேல் படரும் காட்டுத் திராட்சைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அது குளிருக்காக இலை உதிர்க்கிறது, இது வறட்சிக்காக. இலை போனபின் நாற்சதுரப் பச்சைத் தண்டே இலையின் வேலையைப் பார்க்கிறது. அதுவும் இரவில்தான் மூச்சு வாங்கும். வெயிலில் நீர் வீணாகாதபடி, இருட்டிய பின் கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் செலவழிக்கும். தாவரங்களின் இந்த இரவுப் புளிப்பை நாக்கால் கண்டறிந்தவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சுவையற்றிருக்கிறது, மாலையில் கசக்கிறது என்று எழுதினார். அக்குறிப்பு 1815இல் அச்சாயிற்று. பிரண்டைத் தண்டிலும் அதே ஏற்பாடுதான். (மென்று பார்க்காதீர்கள், நாக்கு அரிக்கும்!)

எனவே நமது பனிக்காலத்தைப் பிரண்டைக்கு ஊர்க் கோடையாக்கிவிட வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் ஒரு தடவை அரைக் குவளைத் தண்ணீர் போதும். தண்டு சுருங்கினால் பயமில்லை. அடித்தண்டு மஞ்சளாகிக் குழைந்தால்தான் ஆபத்து. தெற்கு ஜன்னலோரம் நல்லது, கண்ணாடியில் முட்டக்கூடாது.

துண்டை இங்குள்ள நண்பர்களிடமே வாங்குங்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஊரிலிருந்து பெட்டிக்குள் கொண்டுவரச் சட்டம் இடந்தராது. மூன்று கணுவுள்ள துண்டை ஐந்தாறு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின், ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடவேண்டும். பாதி மண், பாதி பருமணல். பூச்சாடியின் அடியில் துளை அவசியம். மே இறுதியில் பால்கனிக்குக் கொண்டுபோய், சில நாட்கள் நிழலில் பழக்கி, பிறகு வெயிலில் வையுங்கள். பற்றிப் படர ஒரு கயிறு கட்டிவிடுங்கள். செப்டம்பரில் இரவு வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

துவையலுக்கு நுனிக் கணுக்கள்தான். கையில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு, ஓர நாரை உரித்து, நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைக்க வேண்டும். முதல் வருடம் மட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு கொடியை வளரவிடுங்கள்.